வில்லுக்கு இரண்டு கைப்பிடி

வில்லைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாகப் பிடிக்க முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் இறக்கையை அறுத்துக்கொண்டு, அவரவர் வீம்போடு சுகமாக இருந்திருப்பார்கள்.

இது அம்பு விடுகிற வில் இல்லை. நீளமான ஒரு மரச்சட்டம், இரண்டு முனையிலும் கைப்பிடி, நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் சூடேறும். அந்தச் சூட்டுக் கம்பியைத் தெர்மாகோல் பாளத்தில் வைத்து நகர்த்தினால், கேக்கை நூல் போட்டு அறுப்பதுபோல் சத்தமில்லாமல் அறுத்துக்கொண்டே போகும். பாளத்தின் இரண்டு ஓரத்திலும் இறக்கையின் வடிவத்தில் செதுக்கிய தகடுகளைக் குத்தி வைத்திருப்பார்கள். கம்பி அந்தத் தகடுகளின் விளிம்பை உரசியபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால், உள்ளேயிருந்து ஒரு விமான இறக்கை வெளியே வரும். விளையாட்டு விமானம்தான். ஆனால் கையில் ரேடியோ பெட்டியை வைத்துக்கொண்டு நிஜமாகவே வானத்தில் பறக்க விடுகிற விமானம்.

கேக், நூல் என்பதெல்லாம் பேக்கரிக்காரி சொல்கிற உவமை. ரொட்டியும் கேக்கும் விற்கிற சின்னக் கடை அவளுடையது. கடைக்குப் பின்னால் அடுப்பறை, அடுப்பறை நடுவில் வழவழவென்று கல் பதித்த நீள மேஜை. மாவு தேய்க்க அவள் ஆசையாகச் செய்துகொண்ட மேஜை அது. அது வந்த அன்றே கணக்கு வாத்தியாரான அவள் அண்ணன் ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார். நடுவில் இருந்த குமிழி இப்படி அப்படி அசையவில்லை. "இந்த ஊர்லயே கோணல் இல்லாத இடம் இது ஒண்ணுதான்" என்றார். அவ்வளவுதான், கடைக்கு வார விடுமுறை வந்தால் மேஜை அவளுக்கு இல்லை என்று ஆயிற்று. ஒரு முனையில் ஜன்னலோரமாக அண்ணன். மறு முனையில் அடுப்போரமாக அவள் புருஷன், லிப்ட் மெக்கானிக். மச்சானும் மாப்பிள்ளையும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. இறக்கை உடம்போடு சேர்கிற அடிப்பக்கம் அகலம், நுனி குறுகல். இரண்டு தகட்டிலும் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட கோடுகள் இருக்கும். அடித்தகட்டில் தள்ளித் தள்ளி, நுனித்தகட்டில் நெருக்கி நெருக்கி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைத் தொட வேண்டும். ஒருவர் முந்தினாலும் கம்பி இழுபட்டு இறக்கையில் பள்ளம் விழும். அதனால் அடிப்பக்கம் நிற்பவர் எண்ணைச் சொல்வார், நுனிப்பக்கம் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நகர்வார். இடது இறக்கை அறுக்கும்போது அடிப்பக்கம் அண்ணனுக்கு. வலது இறக்கைக்குத் தகடுகளை இடம் மாற்றிக் குத்த வேண்டும், அப்போது அடிப்பக்கம் மாப்பிள்ளைக்கு வந்துவிடும். எண் சொல்கிற அதிகாரமும் கூடவே கைமாறும். நாடாளுமன்றம்கூட இவ்வளவு ஒழுங்காக ஆட்சியை மாற்றிக்கொண்டிருக்காது.

அப்புறம்தான் அந்தச் சனியன் பிடித்த பகல் வந்தது.

ஊர்க்கோடி மைதானம். விமானத்துக்கு இறக்கை ஒட்டியவர் அண்ணன், பறக்க விட்டவர் புருஷன். அழகாக ஏறியது, அழகாக ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டத்துக்குத் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சரிந்து, மூக்கு குத்தி மண்ணில் விழுந்தது. உடம்பு பிழைத்தது, இறக்கை சுக்கல் சுக்கலாகிவிட்டது.

"இறக்கை முறுக்கியிருந்துச்சு மச்சான்" என்றான் புருஷன்.

"முறுக்கா? என் வேலையிலயா?" அண்ணன் குரல் உயர்ந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

மற்ற விமானக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு காதில் விழுந்ததும் புருஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைங்கிற ஜாதி நீங்க. ஊர்ப் பிள்ளைங்க தப்பையெல்லாம் சிவப்பு மையில சுழிப்பீங்க, உங்க தப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

"லிப்டுல மேலயும் கீழயும் போயிட்டு வர்றவனுக்குத் திரும்பறது எப்படிப்பா தெரியும்?"

தொழிலைச் சொன்னதுதான் தைத்துவிட்டது. "இனிமே உங்ககிட்ட நானா ஒரு வார்த்தை பேசினா நான் மனுஷன் இல்ல" என்றான் புருஷன். "நானா பேசினா நானும் இல்ல" என்றார் வாத்தியார். ஆக, இரண்டு பேருமே மனுஷர்களாக இருப்பதென்று தீர்மானித்தார்கள்.

பேக்கரிக்காரி பாடு இருதலைக் கொள்ளி எறும்பு. வீட்டில் இவன் உம்மென்று உட்கார்ந்திருப்பான். அங்கே அண்ணி போனில், "உங்க அண்ணன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்காரு, சாப்பிட மாட்டேங்கிறாரு" என்பாள். முதல் வாரம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் எரிச்சல். மழைக்காலமும் முடிந்த பிறகு ஒரு நாள் காலை, கடையில் நல்ல கூட்டம். வரிசையில் நாலாவதாக அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அடுப்பறை வழியாக உரிமையோடு உள்ளே வந்து, சூடான ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்கிற மனுஷன், வாசலில் மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்துவிட்டு வேற்று ஆளைப் போல வரிசையில் நின்று, ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முழுவதும் அவளுக்கு மாவு பிசையக் கை ஓடவில்லை.

அதற்கு மேல் ஒரு செய்தியும் வந்தது. அண்ணனுக்குத் தூரத்து ஊர் ஒன்றில் பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. மாத முடிவில் குடும்பத்தோடு கிளம்புகிறார். அண்ணி சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

 அடுத்த தெருவில் இருக்கும்போதே பேசாதவர்கள் தூரதேசம் போன பிறகா பேசப்போகிறார்கள்? பசை ஈரமாக இருக்கிறவரைதான் நகர்த்திச் சரி செய்ய முடியும். காய்ந்துவிட்டால் காய்ந்ததுதான், உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அவ்வளவு காலமாக அந்த மேஜையில் பசை காய்வதைப் பார்த்தவள் அவள்.

அன்று சாயங்காலமே மாவு அலமாரியின் மேலிருந்து இறக்கை இல்லாத விமான உடம்பை எடுத்துப் புருஷன் மடியில் வைத்தாள்.

"அண்ணன் ஊருக்குப் போறதுக்குள்ள இதுக்கு இறக்கை வரணும். வரலைன்னா குப்பை வண்டி வர்ற அன்னிக்கு நானே தூக்கிக் குடுத்துடுவேன். எனக்கு அலமாரி வேணும்."

"அவரு என்கிட்ட பேசமாட்டாரே."

"உங்களை யாரு பேசச் சொன்னா? பத்து வரைக்கும் நம்பர் சொல்லத் தெரியும்ல? லிப்டுல தினமும் அதைத்தானே அமுக்கறீங்க?"

அண்ணனிடமும் இதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். "நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம்ணே. நம்பர் மட்டும் சொல்லுங்க. கணக்கு வாத்தியாருக்கு அது கூடவா கஷ்டம்?"

"நம்பர் பேச்சுல சேராதுல்ல?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார் அண்ணன். படித்த மனுஷன்!

கடை விடுமுறையன்று இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் முன்வாசல் வழியாக, ஒருவர் பின்வாசல் வழியாக. தெர்மாகோல் பாளம், பால்சா என்கிற லேசான மரப்பலகை, பசை எல்லாம் அவளே வாங்கி வைத்திருந்தாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கம்பி சூடேறி மெல்ல முனகியது.

"கம்பி ரொம்ப சூடா இருக்கு, கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா" என்றார் அண்ணன் கூரையைப் பார்த்து.

"இந்தச் சூடுதான் சரின்னு சொல்லு" என்றான் புருஷன் அடுப்பைப் பார்த்து.

"நான் என்ன தபால்காரியா? நம்பர் மட்டும்!" என்றாள் அவள்.

"ஒண்ணு" என்றார் அண்ணன்.

"ஒண்ணு" என்றான் புருஷன்.

முதல் பாளத்தில் இடது இறக்கை. இரண்டு, மூன்று என்று போகப் போக அவள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய்தான் பேசவில்லையே தவிர கைகள் பேசிக்கொண்டன. ஒருவர் தோள் தாழ்ந்தால் மற்றவர் தோளும் தாழ்ந்தது. கம்பி ஒரு இடத்தில்கூட இழுபடவில்லை. மேல்பக்கம் ஒருமுறை, கீழ்ப்பக்கம் ஒருமுறை அறுத்து, பத்து என்று இரண்டு குரலும் சேர்ந்து முடித்தபோது, இதோ இப்போது யாராவது 'நல்லா வந்திருக்கு' என்று சொல்லிவிடுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். மற்றவன் தலையைச் சொறிந்தான். போதாத காலம், வேறென்ன!

இரண்டாவது பாளத்துக்கு அண்ணன்தான் தகடுகளைக் குத்தினார். புருஷன் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். தன் பக்கத்துத் தகட்டைப் பார்த்தான், எதிர்ப்பக்கத்துத் தகட்டைப் பார்த்தான், மச்சானையும் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தான்.

"ஒண்ணு" என்றார் அண்ணன்.

"ஒண்ணு" என்றான் அவன். அந்த ஒண்ணில் கொஞ்சம் கசப்பு இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது.

ஆறாவது கோட்டில் அண்ணன் குரல் தடுமாறியது. "ஆ… ஆறு." கண் தகட்டிலேயே நிலைகுத்தி நின்றது. கம்பியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் அதே இடத்தில் பாளம் உருகிக் குழி விழும். "ஏழு" என்று விழுங்கிக்கொண்டு சொன்னார். தொண்டை வறண்டுவிட்டதென்று நினைத்துத் தங்கை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு பால்சா வேலை. ஊதினால் நகர்ந்துவிடுகிற அளவுக்கு லேசான பலகைகள். அவற்றை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரே விரிப்பாக ஆக்கி, பசையைக் குழைத்து மெல்லிய பூச்சாக இழுத்து, தெர்மாகோல் இறக்கைக்கு மேலும் கீழும் தோலைப் போலப் போர்த்த வேண்டும். பின்பு அறுத்தபோது மிஞ்சிய மேல்துண்டுக்கும் கீழ்த்துண்டுக்கும் நடுவில் அதைப் பத்திரமாக வைத்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும். பசை கட்டுகிறவரை இறக்கை இருக்கிற வடிவம்தான் கடைசிவரை அதன் வடிவம்.

பசையைக் குழைப்பதற்கு முன்னால் அண்ணன் தங்கையிடம், "நாளைக்கு ஒட்டினா என்ன?" என்றார்.

"ஆமா, இன்னொரு தடவை எல்லாத்தையும் சரிபாத்துட்டு…" என்று சுவரிடம் சொன்னான் புருஷன்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "நழுவப் பாக்கறீங்களா ரெண்டு பேரும்? இன்னிக்கு ஒட்டியாகணும். ஒட்டுங்க!"

ஒட்டினார்கள். அதைப் போலச் சோகமாக யாரும் எதையும் ஒட்டியிருக்க மாட்டார்கள். அவளே மாவு மூட்டைகளைத் தூக்கிவந்து வரிசையாக அடுக்கினாள். மாவு மூட்டை நல்ல பாரம், எல்லா இடத்திலும் சமமாக அமுங்கும். முன்வாசல் வழியாக ஒருவரும் பின்வாசல் வழியாக ஒருவரும் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவள் மூட்டைகளை இறக்கினாள். முதல் இறக்கையை உறை பிரிப்பதுபோல் பிரித்து எடுத்தாள். அடடா! மேலே அழகான வளைவு, கீழே தட்டை, கை வைத்தால் பட்டு. இரண்டாவதையும் எடுத்தாள். அதுவும் அப்படியே. இரண்டையும் அடியோடு அடி சேர்த்து மேஜைமேல் வைத்துப் பார்த்தாள்.

ஒன்றின் மூக்கு, அந்தத் தடித்த முன்விளிம்பு, முன்னால் பார்த்தது. இன்னொன்றின் மூக்கு பின்னால் பார்த்தது.

தான்தான் தப்பாக வைத்துவிட்டோமென்று திருப்பி வைத்தாள். இப்போது மூக்கு சரி, ஆனால் வளைவு கீழேயும் தட்டை மேலேயும் வந்து, செத்த மீனைப் போல மல்லாந்து கிடந்தது. மறுபடி திருப்பினாள். இரண்டு காலுக்கும் இடது செருப்பை வாங்கி வந்ததுபோல இரண்டும் இடது இறக்கை.

இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினாள். இந்த முறை வாசல் பிரித்துக்கொள்ள நேரமில்லை, இரண்டு பேரும் பின்வாசல் வழியாக ஒன்றாக நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் மேஜையைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார், மற்றவன் அடுப்பைப் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்காத மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று முன்பே தெரியும்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் புருஷனிடம். அண்ணனிடம் திரும்பி, "உங்களுக்கும் தெரியும்."

அண்ணன் செருப்பை மெல்லக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"தெரிஞ்சே அறுத்தீங்க. தெரிஞ்சே பசை தடவினீங்க. தெரிஞ்சே என்னை மூட்டை தூக்க விட்டீங்க. வாயைத் திறந்து 'தகடு மாத்தல'ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா கிரீடம் கீழ விழுந்துடுமா?" குரல் உடைந்தது. எவ்வளவு அடக்கியும் அழுகை வந்துவிட்டது. "அந்த வீம்பைக் கட்டிக்கிட்டு நீங்க போய்ச் சேருங்கண்ணே. நீங்களும் இங்கயே உம்முன்னு கிடங்க. எனக்கு மட்டும் கூடப் பொறந்தவனும் வேணாம், கட்டினவனும் வேணாம். நான் இந்த அடுப்போடயே பேசிக்கறேன்."

 தங்கை அழுது அண்ணன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஆனால் முதலில் பேசியது புருஷன்.

"மச்சான்" என்றான். "நீங்க தகடு குத்தினப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு ஏன்யா சொல்லல?"

"வேணும்னுதான் செய்யறீங்கன்னு நினைச்சேன். நம்பர் சொல்ற முறை என்னுது. அதைக்கூட எனக்குக் குடுக்க மனசில்லாம அடிப்பக்கத்தை நீங்களே வச்சுக்கிட்டீங்கன்னு…"

அண்ணன் அதிர்ந்துபோனார். "அட பாவி! நான் எங்கயோ நினைப்புல பழைய மாதிரியே குத்திட்டேன்யா. ஊரை விட்டுப் போறோமே, அங்க யாரைத் தெரியும்னு நினைச்சுக்கிட்டே குத்தினேன். ஆறுக்கு வந்தப்பதான் கண்ணுல பட்டுது."

"அப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சிரிச்சுட்டா? முறுக்குன்னு சொன்னதுக்கு அந்தக் குதி குதிச்சவன், இப்ப இறக்கையே மாத்தி அறுத்துட்டு நிக்கிறேன்!"

"நான் ஏன் சிரிக்கப்போறேன்?"

"அன்னிக்கு மைதானத்துல சிரிச்சாங்களே!"

"என்னைப் பாத்துத்தானே சிரிச்சாங்க! நீங்கதானே சிரிக்க வச்சீங்க!"

"அதுக்கு முன்னாடி முறுக்குன்னு சொன்னது யாரு?"

குரல்கள் ஏறின. காற்று எந்தப் பக்கம் அடித்தது, எவ்வளவு உயரத்தில் திரும்பியது, நுனி எத்தனை நூல் தூக்கியிருந்தது என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் டீ போட்டாள். சண்டைச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

டீயைக் குடித்ததும் அண்ணன் இறக்கைகளைத் தடவிப் பார்த்தார். "வேலை என்னவோ சுத்தமாத்தான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல. ரெண்டு இடது இருக்கு. இன்னும் ரெண்டு வலது அறுத்தா…"

"ரெண்டு ஏரோப்ளேன்" என்றான் புருஷன்.

அவள் தெர்மாகோல் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

வலது இறக்கைகள் அறுத்த அன்று அடிப்பக்கம் புருஷனுக்கு. தகடுகளை அவனே குத்தினான், மூன்று பேரும் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். அவன் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வதுபோல் "ஒண்ணு" என்றான். வாத்தியார் மாணவனைப் போல் "ஒண்ணு" என்றார். நடுநடுவே, "மூணு. அன்னிக்குக் காத்து எதிர்லதான் இருந்துச்சு மச்சான்." "மூணு. கிடையவே கிடையாது. நாலு சொல்லு." இப்படியே பத்து வரைக்கும் போனது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை. ஆனால் கம்பி ஒரு இடத்திலும் இழுபடவில்லை.

இருந்த உடம்பு ஒன்றுதான். அதை அண்ணனிடமே கொடுத்துவிட்டான் புருஷன். தனக்குப் புதிதாக ஒன்று செய்துகொள்வதாகச் சொன்னான்.

கிளம்புகிற நாளும் வந்தது. வண்டியில் பெட்டி படுக்கைக்கு மேலே, பழைய போர்வையில் சுற்றி, ஒரு ஜோடி இறக்கை. "என் பாத்திரத்துக்கு இடமில்லையாம், இதுக்கு மட்டும் இடம் இருக்கு" என்று அண்ணி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரி சூடான ரொட்டியைக் கூடையோடு கொண்டுவந்தாள். அண்ணன் கூடைக்குள் கைவிட்டு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி கண் கலங்கியது.

"வில்லையும் எடுத்துட்டுப் போறதுதானே மச்சான்" என்றான் புருஷன். 

"எதுக்கு? அங்க அந்தப் பக்கம் யாரு பிடிப்பா?" அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "வில்லு இங்கயே இருக்கட்டும். இது உடைஞ்சா நான் இங்க வந்து அறுத்துக்கறேன்."

வண்டி உறுமியது. புருஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு அடி நடந்தான்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க மச்சான். திரும்பும்போது ரேடியோ பெட்டிக் குச்சியை வெடுக்குன்னு முரட்டுத்தனமா இழுங்க. கண்டிப்பா விழும். எனக்கு அனுபவம் இருக்கு."

அண்ணன் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு வாயிலிருந்த ரொட்டியோடு சிரித்தார். தெருமுனை திரும்புகிறவரை அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.